எந்தக் கொழும்பு என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மட்டக்குளியில், களனி கங்கையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். தபால் திணைக்களத்தில் 34 வருடங்கள் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து மரண அறிவித்தல் வரை வாசிக்காமல் எனக்குக் காலை விடிந்தது மாதிரியே இருக்காது. அந்த உரிமையில் ஒரு விஷயம் கேட்க எழுதுகிறேன்.

முன்னொரு மழைக்காலத்தில் களனி கங்கை வெள்ள எச்சரிக்கை உங்கள் முதல் பக்கத்தில் வந்திருந்தது. “கொழும்புக்கு வெள்ள அபாயம்” என்று பெரிய எழுத்தில் தலைப்பு. உள்ளே சீதாவாக்க, தொம்பே, கடுவலை, பியகம, கொலன்னாவை, வத்தளை, கொழும்பு ஆகிய இடங்களின் மக்கள் அவதானமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வரி. அவ்வளவுதான்.

ஏழு மணிக்கெல்லாம் வெள்ளவத்தையிலிருந்து மகள் போன் எடுத்துவிட்டாள். “அப்பா, கீழே நிற்கிற மோட்டார் சைக்கிளை எங்கே கொண்டுபோய் விடுறது? பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பவா வேண்டாமா?” என்று பதறினாள். அவள் இருப்பது கடற்கரைப் பக்கம், மாடி வீட்டில். களனி கங்கைக்கும் அவளுக்கும் இடையில் நகரம் முழுவதும் கிடக்கிறது. அவளைச் சமாதானப்படுத்திவிட்டுத் தேநீர்க் கடைக்குப் போனேன். அங்கே சமந்தரணபுரவில் இருக்கும் தையல்காரர் ஒருவர் அதே பத்திரிகையை விரித்து வைத்திருந்தார். அவர் வீட்டுப் பின்வாசலிலிருந்து கங்கை தெரியும். “கொழும்புக்குத்தானே சொல்லியிருக்கு. கோட்டை, புறக்கோட்டை பக்கமா இருக்கும். நமக்கு மட்டக்குளி என்று போடவில்லையே” என்றார். நான் சொல்லியும் பாதி மனதோடுதான் எழுந்து போனார். அன்றிரவு அவர் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். தையல் மெஷினின் மோட்டாரும், தைக்கக் கொடுத்திருந்தவர்களின் துணிகளும் நாசம்.

பயப்படத் தேவையில்லாதவள் பயந்தாள். பயப்பட வேண்டியவர் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் வாசித்தது ஒரே சொல்லை.

அந்தப் பட்டியலில் இருந்த “கொழும்பு” என்பது கொழும்பு மாவட்டமும் அல்ல, கொழும்பு மாநகரமும் அல்ல. அது கொழும்பு பிரதேச செயலகப் பிரிவு, அதாவது மாவட்டத்துக்குள் நிர்வாகத்துக்காகப் பிரித்த ஒரு பகுதி. எச்சரிக்கைகள் இந்தப் பிரிவுகளின் பெயரால்தான் வருகின்றன. நம்முடைய மாநகர எல்லைக்குள் இப்படி இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், புதுக்கடை, மாளிகாவத்தை, மருதானை, புறக்கோட்டை, கொம்பனித்தெரு எல்லாம் கொழும்புப் பிரிவு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, நாரஹேன்பிட்டி, பொரளை எல்லாம் திம்பிரிகஸ்யாய பிரிவு. வெள்ளவத்தையில் தமிழர்கள் எத்தனை பேர் இருக்கிறோம்! அவர்களில் பத்துப் பேரை நிறுத்தி உங்கள் பிரதேச செயலகம் எது என்று கேட்டுப் பாருங்கள். கொழும்பு என்றுதான் பலர் சொல்வார்கள். என் மகளே ஒரு சான்றிதழுக்காகத் தவறான அலுவலகத்தில் அரை நாள் வரிசையில் நின்றவள்தான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. நமக்குப் பழக்கமானவை தபால் இலக்கங்கள். கொழும்பு 1 கோட்டை, 6 வெள்ளவத்தை, 13 கொட்டாஞ்சேனை, 15 எங்கள் பக்கம். பத்திரிகையில் வரும் வாடகை வீட்டு விளம்பரம் முதல் கலியாண அழைப்பிதழ் வரை எல்லாம் இந்த இலக்கத்தில்தான். வேலை பார்த்த காலத்தில் எனக்கு அந்தப் பதினைந்து இலக்கங்களும் கை விரல்கள் மாதிரி. ஆனால் அவை கடிதத்துக்காகப் போட்டவை. மாநகர சபை 1865ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது, அதன் வட்டாரங்கள் வேறு கணக்கு. பிரதேச செயலகங்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இன்றைய அதிகாரங்களைப் பெற்றன. எங்கள் வயதுக்காரர்கள் அதை இன்னும் ஏ.ஜி.ஏ. ஒபிஸ் (உதவி அரசாங்க அதிபர் அலுவலகம்) என்றுதான் சொல்கிறோம். கல்வி வலயம் இன்னொரு கோடு. தெஹிவளையில் இருக்கும் பாடசாலை பிலியந்தலை வலயத்துக்குக் கீழ் வரும். தெஹிவளை கல்கிசை ஒரே மாநகர சபை, ஆனால் அதற்குள்ளும் தெஹிவளை, இரத்மலானை என்று இரண்டு பிரதேச செயலகங்கள். மட்டக்குளியில் 155 பஸ்ஸில் ஏறி மகள் வீட்டுக்குப் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தக் கோடுகளை எண்ணிக்கொண்டே போவேன். ரோட்டில் அதற்கு ஓர் அடையாளமும் இருக்காது.

கங்கை வருகிற வழியைத் தெரிந்துகொண்டால் அந்த எச்சரிக்கைப் பட்டியல் தானாகவே புரியும். மலையிலிருந்து இறங்கி வரும் 145 கிலோமீற்றர் நீளக் கங்கை அவிசாவளைப் பக்கமாக மேல் மாகாணத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து கடல் வரைக்கும் பெரும்பாலும் அதுதான் கொழும்பு மாவட்டத்துக்கும் கம்பஹா மாவட்டத்துக்கும் எல்லை. இடது கரையில் சீதாவாக்க, கடுவலை, கொலன்னாவை, கடைசியில் கொழும்பு. வலது கரையில் தொம்பே, பியகம, களனி, கடைசியில் வத்தளை. எங்கள் வீட்டிலிருந்து மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டினால் கம்பஹா மாவட்டம். அந்தப் பக்கத்துக் கடையில்தான் நான் பாண் வாங்குகிறேன். மேலே ஹங்வெல்லவில் தண்ணீர் ஏறினால் பிறகு எங்கள் பக்கம் ஏறும். கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் இருக்கும் அளவுகோலை நாங்கள் இன்னமும் அடிக் கணக்கில்தான் சொல்வோம். ஐந்து அடி என்றால் சாமான்களைக் கட்டிலுக்கு மேல் ஏற்றத் தொடங்குவோம். ஆக, பட்டியலின் கடைசியில் கிடக்கும் “கொழும்பு” என்ற சொல்லுக்குப் பொருள் கங்கை கடலைச் சேரும் இடத்தில் இருக்கும் நாங்கள். அதை விளக்க உங்களுக்கு ஒரு வரி போதும்: “கொழும்பு பிரதேச செயலகப் பிரிவு (மட்டக்குளி, முகத்துவாரம், கிராண்ட்பாஸ் கங்கையோரப் பகுதிகள்)”. இந்த ஒரு வரி இருந்திருந்தால் தையல்காரர் மெஷினைத் தூக்கி மேலே வைத்திருப்பார்.

கோட்டை என்ற சொல்லையும் சொல்லியே ஆக வேண்டும். தலைநகரம் ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டை. 1982இல் நாடாளுமன்றம் தியவன்னா ஓயாவுக்கு நடுவில் எழும்பிய புதுக் கட்டடத்துக்குப் போனது. ரயில் நிலையம் இருப்பதும் கோட்டைதான். சிங்களத்தில் ஒன்று கோட்டே, மற்றது கொட்டுவ. குழப்பமே இல்லை. நாம் இரண்டையும் கோட்டை என்று எழுதுகிறோம். தமிழில் முகவரி எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 00100 (கொழும்புக் கோட்டை) பெட்டியில் போடுவதா, 10100 (கோட்டே) பெட்டியில் போடுவதா என்று நான் நின்ற நாட்கள் உண்டு. அனுப்பியவர் யார், வீதிப் பெயர் என்ன என்று பார்த்துத்தான் முடிவு செய்வேன். கடிதம் ஒரு நாள் பிந்தினால் பரவாயில்லை. நேர்முகப் பரீட்சைக்கு ஹட்டனிலிருந்து இரவு ரயிலில் வந்த ஒரு பையன் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, அந்தக் கோட்டை முழுக்க அலைந்துவிட்டு, ஒன்பதரை மணிக்கு என்னிடம் வழி கேட்டான். அவன் போக வேண்டிய இடம் ராஜகிரிய தாண்டி. அவன் முகம் இன்றும் நினைவில் இருக்கிறது. நீங்கள் தலைநகரத்தைக் “கோட்டே” என்று எழுதினால் என்ன? இலக்கணத்துக்கும் அதனால் ஒரு கேடும் வராது.

போதாக்குறைக்கு, அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் நாம் ஓடும் பத்தரமுல்லை கோட்டே மாநகர சபைக்குள் இல்லை. அது கடுவலை மாநகர சபை, கடுவலை பிரதேச செயலகம். ஆனால் செய்தியில் எல்லாமே கொழும்புதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், மீத்தொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தபோதும் வெளிநாட்டு உறவுகள் “கொழும்பில் குப்பை மேடு சரிந்ததாமே” என்றுதான் கேட்டார்கள். குப்பை கொழும்பு மாநகரத்தினுடையது. செத்தவர்கள் கொலன்னாவைப் பிரிவுக்காரர்கள். நாங்கள் ஒவ்வொரு காலையும் வாசலில் வைத்த பை எல்லை தாண்டி அவர்களின் கூரைக்கு மேல் குவிந்தது. “கொழும்பில்” என்று எழுதினால் அந்தக் கோடு மறைந்துவிடுகிறது. யார் குப்பை போட்டார்கள், யார் தலையில் விழுந்தது என்பதும் அதோடு சேர்ந்து மறைந்துவிடுகிறது. எனக்கு அது மிகவும் வலிக்கிறது.

இதுவரை கொழும்பைப் பற்றியே பேசிவிட்டேன். நான் பிறந்தது களுத்துறை மாவட்டத்தில், மத்துகமைப் பக்கம் ஓர் இறப்பர் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்). மேல் மாகாணம் என்றால் கட்டடமும் நெரிசலும் என்று நினைப்பவர்கள் அங்கே ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 2012 கணக்கெடுப்பின்படி கொழும்பு மாவட்டத்தில் சதுர கிலோமீற்றருக்கு 3,400 பேருக்கு மேல். களுத்துறையில் 775 பேர் அளவில்தான். நாட்டின் நிலத்தில் இருபதில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான இந்த மாகாணத்தில்தான் நாட்டு மக்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல், 58 இலட்சத்துக்கும் அதிகமானோர், அப்போது வாழ்ந்தார்கள். ஆனால் அதே மாகாணத்தின் தென்கிழக்கு ஓரம் காடும் மலைச்சரிவும் இறப்பரும். அந்தச் சரிவுகளில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மலையகம் என்றால் நுவரெலியா, பதுளை என்று எழுதும் கைகள் இவர்களை அநேகமாக மறந்துவிடுகின்றன.

2017 மே மாதக் கடைசியில் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். நாடு முழுவதும் 200 பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். களுத்துறை மாவட்டத்தில் புலத்சிங்கள, அகலவத்தைப் பக்கமெல்லாம் மண் சரிந்தது. என் தங்கை கலியாணம் முடித்துப் போனது பதுரலியாவுக்கு மேலே ஒரு தோட்டம். அன்று இரவு எட்டு மணி இருக்கும், போன் வந்தது. மழைச் சத்தத்தில் அவள் குரல் விட்டுவிட்டுக் கேட்டது.

“அண்ணே, ரேடியோவுல மண்சரிவுன்னு என்னமோ ஊர் பேரெல்லாம் வாசிச்சாங்க. பாலிந்தநுவரன்னு ஒண்ணு சொன்னாங்க. அது எங்க இருக்கு?”

“நீ இருக்கிறதுதான் பாலிந்தநுவர” என்றேன்.

“இது பதுரலியா தோட்டம்ல?”

அவள் கேட்டது நியாயம். பாலிந்தநுவர என்று ஒரு டவுன் கிடையாது. அது பிரதேச செயலகப் பிரிவின் பெயர். அலுவலகம் இருப்பது பதுரலியாவில். தோட்டத்து ஆளுக்குத் தெரிந்தது தோட்டப் பெயர், டிவிசன் பெயர், சாமான் வாங்கப் போகும் டவுனின் பெயர். தபால் வேலை பார்த்ததால் எனக்கு அது தெரிந்திருந்தது. அந்த லயத்தில் இருந்த பன்னிரண்டு குடும்பங்களில் வேறு யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு முதலிலேயே கிளம்பியிருப்பார்கள். நான் போனிலேயே சத்தம் போட்டேன். தங்கை ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டி, எல்லோரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள். விடியற்காலையில் லயத்துக்குப் பின்னால் மண் இறங்கி, இரண்டு குசினிகளும் கக்கூஸும் தோட்டத்து மரக்கறிப் பாத்திகளும் மூடிப்போயின. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. போன் சார்ஜ் தீர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

பாலிந்தநுவர மட்டுமல்ல. மாகாணத்தில் மூன்று மாவட்டங்கள், அவற்றில் 40 பிரதேச செயலகப் பிரிவுகள். கொழும்பில் 13, கம்பஹாவில் 13, களுத்துறையில் 14. பல பிரிவுகளின் பெயர் அங்கே இருப்பவர் அன்றாடம் சொல்லும் பெயர் அல்ல. மஹர என்று செய்தியில் வரும், கடவத்தைக்காரருக்கு அது சிறைச்சாலை இருக்கும் இடம் மட்டுமே. கெஸ்பேவ என்றால் பிலியந்தலையும் அதற்குள் இருக்கிறது. அத்தனகல்ல என்றால் நிட்டம்புவையும் வேயாங்கொடையும். கட்டான என்றால் கட்டுநாயக்க விமான நிலையமும்தான். சீதாவாக்க என்று கேட்டதும் புவக்பிட்டியத் தோட்டத்தில் இருப்பவர் அது தன்னைப் பற்றியது என்று உடனே எழுந்து நிற்பாரா? அவருக்கு அது அவிசாவளை.

கோடுகள் மாறவும் செய்கின்றன, அதையும் நாம் மக்களுக்குச் சொல்வதில்லை. 1833இல் முதன்முதலில் மேல் மாகாணம் என்று பிரித்தபோது அது புத்தளம் வரைக்கும் போனது. இரத்தினபுரியும் கேகாலையும் 1889 வரை அதற்குள்தான். அதெல்லாம் பழங்கதை, சரி. என் மனைவி பிறந்தது 1962இல் நீர்கொழும்பில். அவள் பிறப்புச் சான்றிதழில் மாவட்டம் கொழும்பு என்றிருக்கும், ஏனென்றால் கம்பஹா தனி மாவட்டமானது 1978இல்தான். ஓர் அலுவலகத்தில் கவுண்டரில் இருந்த இளைஞர், பிறந்த மாவட்டம் பிழையாக எழுதியிருக்கிறீர்கள் என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் பிறப்பதற்கு முன்னால் நடந்த பிரிவினையை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நாங்கள் மூன்று முறை போய் வந்தோம். 2024 கணக்கெடுப்பில் அந்தக் கம்பஹா சனத்தொகையில் கொழும்பையே முந்திவிட்டது, 24 இலட்சத்தைத் தாண்டி.

இதையெல்லாம் மாகாண சபை உறுப்பினரிடம் சொல்லலாமே என்று நீங்கள் நினைக்கலாம். மேல் மாகாண சபைக்கு நாங்கள் கடைசியாக வாக்களித்தது 2014 மார்ச்சில். 2019 ஏப்ரலில் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு 104 நாற்காலிகளும் காலி. அதனால்தான் உங்களிடம் வருகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வெள்ளமோ மண்சரிவோ, எச்சரிக்கைச் செய்தி போடும்போது பிரிவின் பெயரோடு அதற்குள் இருக்கும் டவுன்களையும் தோட்டப் பகுதிகளையும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். கொழும்பு என்று எழுதும்போது மாவட்டமா, மாநகரமா, பிரிவா என்று ஒரு சொல் சேருங்கள். அப்புறம், தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே மாதத்து முதல் ஞாயிறு இதழில் ஒரு முழுப் பக்கத்துக்கு மேல் மாகாண வரைபடத்தைத் தமிழில் அச்சிடுங்கள். வடக்கே மகா ஓயா, தெற்கே பெந்தோட்டை கங்கை, நடுவில் களனி கங்கையும் களு கங்கையும், 40 பிரிவுகளின் எல்லைகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நாம் அன்றாடம் சொல்லும் ஊர்ப் பெயர்கள். ஜோதிடப் பக்கத்தை வெட்டி அலமாரியில் ஒட்டி வைக்கும் வீடுகள் இதையும் ஒட்டும். லயத்துக் கதவில் ஒட்டுவதற்கு என் தங்கை இப்போதே தயார்.

பெயர்ப் பட்டியலை நானே தயாரித்து வைத்திருக்கிறேன். கொப்பி ஒன்றில், பிரிவுக்கு ஒரு பக்கமாக, தபால் குறியீடுகளோடு. களுத்துறைத் தோட்டங்களின் பெயர்களில் சிலவற்றை இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. அந்தந்தத் தோட்டத்தில் இருப்பவர்கள் உங்கள் பத்திரிகைக்கு எழுதினால் சேர்த்துக்கொள்ளலாம். நீங்கள் சொன்னால் கொப்பியை அலுவலகத்தில் கொண்டுவந்து தருகிறேன். மூல கொப்பியைத்தான் தருவேன், பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தால் போதும். தையல்காரரும் தன் பகுதியில் எந்த ஒழுங்கைக்குள் முதலில் தண்ணீர் வரும் என்று எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர்,
மட்டக்குளி, கொழும்பு 15
(கொழும்பு பிரதேச செயலகப் பிரிவு)